பிஸ்கட் டப்பாவில் இருக்கும் சுகர் மாத்திரையை அம்மா மறுபடி போடலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 57 வயது. எட்டு வருஷமாகச் சுகர். விடியற்காலை ஜீப்பில் மலையேறிக் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். முதல் ஆறு வருஷம் ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். போன மாதம் வீடு ஒதுக்கும்போது பிஸ்கட் டப்பாவில் பிரிக்காத அட்டைகள் கிடைத்தன. மெட்ஃபார்மின் 500, கிளிபென்கிளமைடு 5 என்று போட்டிருக்கிறது. கேட்டால், 'எனக்குத்தான் சுகர் போயிருச்சே' என்கிறார். இதற்கிடையில் தேவாரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கால் விரலை எடுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்த ராத்திரி அம்மாவே அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'நாளையிலிருந்து போடவா?' என்று கேட்டார். அந்தப் பழைய மாத்திரையையே போடச் சொல்லலாமா? ஆறு வருஷம் ஒழுங்காக இருந்தவர் ஏன் நிறுத்தினார்? (அவர் நிறுத்திய சமயத்தில்தான் தோட்டத்தில் ஒருநாள் படபடப்பாகி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பித்தம் என்றார்கள். அது வேறு.) மறுபடியும் நிறுத்தாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒரு மகள், கம்பம்.

பதில்:

டப்பாவை முதலில் மூடி வையுங்கள். நாளைக்கே தொடங்க வேண்டாம். மாத்திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாத்திரையை, அந்தப் பழைய அளவில், யாரிடமும் காட்டாமல் போட வேண்டாம் என்கிறேன். அதற்கும் முன்னால் ஒன்று. அம்மாவின் காலில் புண், கறுப்பு, வீக்கம் ஏதாவது இருந்தாலோ, வாந்தி, மூச்சு வாங்கல், அடங்காத தாகம், அரைத்தூக்கம் போன்ற மயக்கம் இருந்தாலோ, இதை மேற்கொண்டு படிக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் காட்டினால் போதும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'அது வேறு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கென்னவோ அது வேறு இல்லை என்று படுகிறது. அம்மா ஏன் நிறுத்தினார் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

நான் கிளினிக் வைத்திருப்பது குமுளியில். காலையில் லோயர்கேம்ப் ஏற்றத்தில் ஜீப்புகள் முனகிக்கொண்டு வரும் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். அந்த ஜீப்பில் போகிற பெண்களின் காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் எடுத்து வைத்து, தனக்குத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஒரு வரக்காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டு ஜீப்புக்கு ஓட வேண்டும். 'காலையில் ஒன்று' என்று சீட்டில் எழுதியிருப்பதால் மாத்திரை அந்த வரக்காப்பியோடு உள்ளே போகும். தூக்குவாளியைத் திறக்கும்போது மணி பத்து ஆகியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மலைச்சரிவில் ஏறி இறங்கி, குனிந்து தூரைப் பிரித்துக் காய் எடுத்து முடித்திருப்பார்.

கிளிபென்கிளமைடு செய்கிற வேலை என்னவென்றால், கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. தட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் உடம்பில் நிற்கிற மருந்து வேறு. வெறும் வயிறு, ஏற்றம், குனிந்து நிமிர்கிற வேலை, மேலே இந்த மாத்திரை. ஒன்பது ஒன்பதரைக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும்? படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டு. நீங்கள் எழுதியிருப்பது அதுதான். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பித்தத்தைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அம்மா பெரிய படிப்புப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. இந்த மாத்திரை போட்டால் இப்படி ஆகிறது, போடாத அன்றைக்கு ஆகவில்லை என்று அவர் உடம்பே அவருக்குச் சொல்லியிருக்கும். அவர் கவனித்தது சரி. டாக்டர் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அவர் கண்டுபிடித்தார். எந்த மாத்திரை அதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால் இரண்டையும் சேர்த்து நிறுத்தினார், அவ்வளவுதான்.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். மயங்கி உட்கார்ந்த ஆளுக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம் போயிருக்கும். இன்னொரு தடவை உட்கார்ந்தால், 'உனக்கு உடம்புக்கு ஆகலை, நாளைக்கு வர வேண்டாம்' என்று கங்காணி சொல்லிவிடுவார் என்கிற பயம் இருக்கும். சுகர் என்று தெரிந்தால் ஜீப்பில் அவர் இடத்துக்கு வேறொருவர் ஏறிவிடுவார். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சுகர் என்று வந்தது. அந்தக் கங்காணிக்கே இருக்கலாம். ஆனாலும் யாரும் வெளியே சொல்வதில்லை. வீட்டில் சொன்னால், 'இனிமேல் வேலைக்குப் போகாதே' என்பீர்கள். அதற்கும் அவர் தயாராக இருந்திருக்க மாட்டார்.

இது என் ஊகம்தான். வேறு காரணமும் இருக்கலாம். மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்து, நல்ல மருந்து, மலிவு. ஆனால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் ஆள் அடைந்த ஜீப்பில், கொண்டையூசி வளைவில், நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாத இடத்தில் வயிறு கலக்கினால்? இதைச் சொல்லக்கூடக் கூச்சப்படுவார்கள். ஒரு அம்மா என்னிடம் மூன்று தடவை வந்து மூன்று தடவையும், 'மறந்துட்டேன் டாக்டரம்மா' என்றே சொன்னார். நாலாவது தடவை கூட வந்த ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் ஜீப் கதை வந்தது. மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினை ராத்திரிச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு 'மறதி' வரவில்லை.

சிறுநீர் விஷயமும் இப்படித்தான். 2020-க்குப் பிறகு டாபாக்லிஃப்ளோசின் என்கிற சுகர் மாத்திரையின் விலை இறங்கிவிட்டதால் நாங்கள் நிறைய எழுதுகிறோம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து என்பதால் அடிக்கடி போக வேண்டியிருக்கும், சில பெண்களுக்கு அந்த இடத்தில் அரிப்பும் வரும். கழிப்பறை இல்லாத தோட்டத்தில், அட்டைக்கடிக்கு நடுவே, ஆண்கள் வேலை செய்யும் மலையில் ஒரு பெண் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். பிறகு மாத்திரையைக் குறைப்பார். மருந்து எழுதுகிறவர் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. இதில் நானும் சேர்த்திதான்.

'எனக்குச் சுகர் போயிருச்சு' என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பொய் சொல்லவில்லை. எங்காவது முகாமில் குத்திப் பார்த்து, 'நார்மலா இருக்கும்மா' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மாத்திரை போட்டதால் நார்மல் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். உடம்பு எடையை நன்றாகக் குறைத்தவர்களில் சிலருக்கு மாத்திரையே இல்லாமல் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6.5-க்குக் கீழே நிற்பது உண்டு. அது பரிசோதனை செய்து, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. விரல் நுனியில் ஒரே ஒரு தடவை குத்திப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் கிடையாது.

கிட்னி கெட்டுவிடும் என்று நிறுத்துகிறவர்கள் தனிக் கூட்டம். இதில் கதை தலைகீழாக மாறிவிட்டது. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கனவே பழுதாகியிருந்தால் மருந்து தேங்கும் என்பதால், அது ரத்தத்தை வடிகட்டும் வேகம் (பரிசோதனைச் சீட்டில் eGFR என்று இருக்கும்) 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். 'கிட்னி சரியில்லை, அதனால் இந்த மாத்திரையை நிறுத்துங்க' என்று டாக்டர் யாரிடமோ சொன்னது, ஜீப்பில் ஏறி இறங்கும்போது, 'இந்த மாத்திரையால்தான் கிட்னி போச்சாம்' என்று ஆகிவிடுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான்.

பொடி, லேகியம் பற்றியும் கேட்டுப் பாருங்கள். வெந்தயம், ஆவாரம்பூ என்று சமையலறையில் இருப்பதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். பெயர் போடாத டப்பாவில், 'மாத்திரையை விட்டுடுங்க, இது போதும்' என்று விற்கிற பொடிதான் எனக்குப் பயம். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் இதே கிளிபென்கிளமைடையும் மெட்ஃபார்மினையும் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிய வந்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அளவு தெரியாமல் அதையே தின்றுகொண்டிருப்பார்கள்.

அப்புறம் எங்கள் எல்லைக்கே உரிய ஒரு கூத்து. கீழே கம்பத்தில் ஒரு சீட்டு, மேலே மலையில் ஒரு சீட்டு. கீழே அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளை மாத்திரை, மேலே கடையில் வேறு பெயரில் கலர் அட்டை. இரண்டும் ஒரே மருந்து. 'ரெண்டு டாக்டரும் நல்லவங்க, ரெண்டையும் போடுறேன்' என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வெறுத்துப் போய் இரண்டையும் விட்டார்.

சிலர் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதே இல்லை. மாலை போட்டிருக்கிறேன், 41 நாள் கழித்துப் போடலாம் என்பார்கள். நோன்பு முடியட்டும் என்பார்கள். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், சீசன் முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். விரதமும் முடியும், நோன்பும் முடியும், சீசனும் முடியும். மாத்திரை மட்டும் திரும்பத் தொடங்காது. இரண்டு மாதம் இடைவெளி விட்டபின் டாக்டர் முன்னால் போய் நிற்க ஒரு தயக்கம் வரும். ஆறு மாதம் ஆனால் அது பயமாகிவிடும். (விரதத்துக்கும் நோன்புக்கும் முன்பே வந்து கேட்டால் மாத்திரை நேரத்தை மாற்றித் தர முடியும். நிறையப் பேருக்கு இது தெரியாது.)

அந்தப் பயத்தில் எங்கள் பங்கு என்ன என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜீப் டிரைவர் ஒன்றரை வருஷம் கழித்து வந்தார். சர்க்கரை 400-க்கு மேல். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், கதவும் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. 'உங்களுக்கு அறிவு இருக்கா? காலை எடுத்த பிறகு வரலாம்னு இருந்தீங்களா?' என்று சத்தம் போட்டேன். அக்கறையில்தான் போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து எழுதிக் கொடுத்தேன், தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து நான் அவரைப் பார்த்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. இடையில் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, 'மாத்திரை நடுவுல பத்து நாள் விட்டுப் போச்சு டாக்டரம்மா, மறுபடி திட்டுவீங்கன்னு...' என்றார். பத்து நாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறேன்.

இப்போது அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதைப் பற்றி. விட்டவர்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இப்படி ஒரு ராத்திரி இருக்கும். அக்கா விரல், பக்கத்து வீட்டுக்காரர் கண், மகள் கல்யாணம் குறித்திருப்பது, பேரப்பிள்ளையைத் தூக்கும்போது காலில் உணர்வு இல்லாமல் தடுமாறியது. அந்த ராத்திரியை வீணாக்கிவிடாதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். பெரியம்மா காலில் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அந்தப் பயம் இருக்கும். பிறகு ஜீப், தூக்குவாளி, கங்காணி என்று பழைய காலை திரும்ப வந்துவிடும். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாரோ அது மாறவில்லை என்றால் மறுபடியும் நிறுத்துவார். பழைய மாத்திரையையே போட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இரண்டு வருஷத்தில் அவர் உடம்பு மாறியிருக்கும். எடை குறைந்திருக்கலாம், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் அதே கிளிபென்கிளமைடு முன்னைவிட வேகமாகச் சர்க்கரையை இறக்கும். டப்பாவில் உள்ளது காலாவதியாகியும் இருக்கலாம். தேதி சரியாக இருந்தாலும் என் பதில் மாறாது.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடாமலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஆறு வருஷம் மெட்ஃபார்மின் போட்டவர் என்பதால் வைட்டமின் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள், நீண்ட நாள் போட்டால் அது குறைவது உண்டு. கண்ணை மறக்காதீர்கள். ரொம்ப நாள் உயரத்தில் இருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், கண்ணின் விழித்திரையில் ஏற்கனவே பாதிப்பு இருப்பவர்களுக்கு அது கொஞ்ச காலம் அதிகமாகலாம். அதனால் முதலில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். தேனி பக்கம் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கால் உணர்வை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் வலது கால் பெருவிரல் நுனியை ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. பிறகு நடுவிரல், சுண்டுவிரல். அதேபோல் இடது காலிலும். தொடும்போதெல்லாம் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் உணர்வு குறைந்திருக்கிறது, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கம்பூட் போட்டு வேலை செய்கிறவருக்கு இது ரொம்ப முக்கியம். உள்ளே ஒரு சின்னக் கல் கிடந்தாலும் தெரியாமல் நாள் முழுக்க நடந்துவிடுவார். போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈர சாக்ஸோடு இருக்கக் கூடாது. சாயந்தரம் வந்ததும் விரல் இடுக்கைத் துடைத்துப் பார்க்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, முடிவு செய்ய வேண்டியது அவரைப் பார்க்கிற டாக்டர். நானாக இருந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கும் பட்சத்தில், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் 500 ஒன்றை ராத்திரிச் சாப்பாட்டோடு தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்டுவேன். கூட ஒன்று தேவைப்பட்டால் சிட்டாகிளிப்டின் மாதிரி ஒன்றை யோசிப்பேன். 2022-க்குப் பிறகு அதன் விலை நன்றாக இறங்கிவிட்டது, அதை மட்டும் போட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அபூர்வம். ஜீப்பில் போகிறவருக்கு அதுதான் வேண்டும். சர்க்கரை ரொம்ப உயரத்தில் இருந்தால் கொஞ்ச நாள் இன்சுலின் போடச் சொல்லலாம். அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கிய முதல் சில வாரங்களில் இரண்டு விஷயம் நடக்கலாம். பார்வை கொஞ்சம் மாறும். சர்க்கரை இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறுவதால் வருவது இது, அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சிலருக்குப் பாதத்தில் எரிச்சலோ குத்தலோ புதிதாக வரும். உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது நரம்புகள் இப்படிக் கூச்சல் போடுவது உண்டு. முன்பே சொல்லி வைக்காவிட்டால், 'மாத்திரை போட்டுத்தான் எரியுது' என்று இரண்டாவது தடவை டப்பாவுக்குள் போய்விடும். எரிச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை வாங்குகிற வழியும் அவர் நாளுக்கு ஒத்து வர வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். அவர்கள் வருகிற நேரத்தில் அம்மா மலையில் இருப்பார். உங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணிடம் பேசி, நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா, ஒரே தடவையில் கூடுதல் நாளுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். மேலே கேரளத்து அரசு ஆரோக்கிய நிலையங்களிலும் சுகர் கிளினிக் உண்டு. எங்கே வாங்கினாலும் ஒரே நோட்டில் எழுதி, அந்த நோட்டை இரண்டு பக்கமும் காட்டுங்கள். மாத்திரையின் கடைப் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷம் போய்விட்டதே, இனி என்ன பிரயோஜனம் என்று அம்மா கேட்கலாம். இங்கிலாந்தில் புதிதாகச் சுகர் கண்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவு வந்தது. பிறகும் பத்து வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். தொடக்க காலத்தில் சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த சர்க்கரை வித்தியாசம் ஆய்வு முடிந்த ஒரே வருஷத்தில் மறைந்துபோனது. ஆனால் கண், சிறுநீரகம், இதயப் பாதிப்பு குறைவாக இருந்த நன்மை பல வருஷம் கழித்தும் நின்றது. அம்மா முதல் ஆறு வருஷம் விடாமல் போட்டாரே, அது எங்கேயும் போகவில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள். ரெண்டு வருஷம் விட்டதைச் சொல்லிக் காட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் மிச்சம். 'ஏம்மா நிறுத்துன?' என்று கேட்டால் குற்றவாளியைக் கேட்கிற மாதிரி இருக்கும். 'அன்னைக்குத் தோட்டத்துல கண்ணு இருட்டுச்சே, அன்னைக்கு மாத்திரை எத்தனை மணிக்குப் போட்ட, எத்தனை மணிக்குச் சாப்பிட்ட?' என்று கேட்டுப் பாருங்கள். மீதியை அவரே சொல்வார். நடுவில் குறுக்கே பேசாதீர்கள், முக்கியமாக உங்கள் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்களைப் பேச விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் லீவு என்று நினைக்கிறேன். சனிக்கிழமை சாயந்தரமோ ஞாயிறு காலையோ பார்க்கிற டாக்டராகத் தேடிக் கூட்டிப் போங்கள். பிஸ்கட் டப்பாவையும் அப்படியே எடுத்துப் போங்கள். எத்தனை அட்டை மிச்சம் என்பதை வைத்து எப்போது நிறுத்தினார் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஜீப் எத்தனை மணிக்கு, தூக்குவாளி எத்தனை மணிக்கு, தோட்டத்தில் கழிப்பறை உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீங்களே டாக்டரிடம் நீட்டுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

புது மருந்து எதுவானாலும், சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு போவாரே பழைய சட்டை, அதன் பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் மடித்து வைத்து அனுப்புங்கள். படபடவென்று வந்தால் உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை, அதற்குப் பிறகு தூக்குவாளியைத் திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சர்க்கரை கசிந்துவிடும், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிற யாராவது ஒருவரிடம் மட்டும் அம்மா இதைச் சொல்லி வைக்கட்டும். கங்காணியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.